எத்தனை நாள் நடந்தார்கள்? இமயமலைப் பாதைகளின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நம் பிள்ளைகளில் பலருக்கு இப்போது மலை ஆசை வந்திருக்கிறது. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் இந்த வருஷம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், நேபாளம் போகலாம் என்று இருக்கிறோம். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போவதா, அன்னபூர்ணாவைச் சுற்றுவதா, லாங்டாங் போதுமா? லீவு பத்துப் பன்னிரண்டு நாள்தான் கிடைக்கும்." என் அண்ணன் மகளும் தன் பங்குக்கு, "அத்தை, நீங்கதான் எப்பவும் மேப் பார்த்துக்கிட்டே இருப்பீங்களே, சொல்லுங்க" என்றாள்.

நான் இமயமலையில் நடந்தவள் இல்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்தியவள். சுவரில் தொங்கும் வரைபடத்தில் பிரம்பால் இமயமலையைத் தொட்டுக் காட்டியதுதான் என் மலையேற்றம். எந்த ஷூ வாங்குவது, எந்த ஜாக்கெட் நல்லது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மூன்று பாதைகளும் எப்படி உண்டாயின, முதலில் யார் நடந்தார்கள், எத்தனை நாள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியும். அந்த வரலாறு தெரிந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தானாகவே விளங்கும். சில சமயம் உயிரையும் அது காப்பாற்றும். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல். 'ட்ரெக்கிங்' என்கிறோமே, அந்த 'ட்ரெக்' தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கே குடியேறியிருந்த டச்சு வம்சாவளி விவசாயிகள் 1830களில் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். அந்தப் பயணத்துக்குத்தான் 'ட்ரெக்' என்று பெயர். டச்சு மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்கு 'இழுப்பது' என்று பொருள். மாடு இழுக்கும் வேகம்தான் அந்தப் பயணத்தின் வேகம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உயரம் முதலில் தெரிந்தது, பாதை பிறகுதான் தெரிந்தது

எவரெஸ்ட்டின் உயரத்தைக் கண்டுபிடித்த வேலைக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஒரு நேர்கோட்டைத் துல்லியமாக அளந்து அளவைப் பணியைத் தொடங்கினார். அந்தக் கோட்டை அடிப்படையாக வைத்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போன வேலை, அரை நூற்றாண்டில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. 1852வாக்கில் ராதாநாத் சிக்தர் போட்ட கணக்கில் 'பதினைந்தாம் சிகரம்' உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. 1865இல் அதற்கு ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயரை வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அளந்தவர்கள் யாரும் அந்த மலைக்குப் பக்கத்தில் போகவே இல்லை. நேபாளம் அவர்களை உள்ளே விடவில்லை. சமவெளியில் கருவிகளை வைத்து, நூறு மைலுக்கும் அப்பாலிருந்து பார்த்துக் கணக்குப் போட்டார்கள். அதனால் வெளியுலகத்துக்கு அந்த மலையின் உயரம் தெரிந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்துத்தான் தெற்கிலிருந்து அதன் அடிக்குப் போகும் வழி தெரிந்தது. இன்றுவரை நாமும் அப்படித்தான் இருக்கிறோம். 'பேஸ் கேம்ப் 5,364 மீட்டர்', 'தோரோங் கணவாய் 5,416 மீட்டர்' என்ற எண்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே போக உடம்புக்கு எத்தனை நாள் வேண்டும் என்ற எண்ணை யாரும் கேட்பதில்லை.

உடம்பின் கணக்கு

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். சுமார் 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் கேட்கும். சில மணி நேரத்தில் மூச்சு வேகமாகும். சில நாட்களில் சிறுநீரகம் இரத்தத்தின் தன்மையைச் சரிசெய்யும். சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். அதையும் மதிக்காமல் மேலே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளை வீங்கலாம். இரண்டுமே உயிரை எடுக்கக் கூடியவை. முதல் மருந்து உடனே கீழே இறங்குவது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சீன வரலாற்று நூல் ஒன்று, மேற்கு நோக்கிப் போகும் வழியில் 'பெரிய தலைவலி மலை', 'சிறிய தலைவலி மலை' என்று இரண்டு மலைகளைக் குறிப்பிடுகிறது. பெயர் வைத்தவர்கள் அனுபவித்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். தமிழ்நாட்டின் மிக உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். ஊட்டிக்குப் போய் ஓடியாடித் திரும்பிய தைரியம் இங்கே செல்லாது. நேபாளத்து நடைகளில் பிரச்சினை ஆரம்பிப்பதே தொட்டபெட்டாவுக்கு மேலேதான்.

எவரெஸ்ட் பாதை: குடிபெயர்ந்தவர்களும் வியாபாரிகளும் போட்ட வழி

எவரெஸ்ட்டுக்குத் தெற்கே இருக்கும் பள்ளத்தாக்குக்குக் கும்பு என்று பெயர். அங்கே வாழும் ஷெர்பாக்கள் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்திலிருந்து மலை தாண்டி வந்தவர்கள். 'ஷெர்பா' என்றால் கிழக்கத்தி மக்கள் என்று பொருள். பலர் நினைப்பதுபோல அது சுமை தூக்கும் வேலையின் பெயர் இல்லை, ஓர் இனத்தின் பெயர். 5,700 மீட்டருக்கும் மேலே உள்ள நாங்பா லா கணவாய் வழியாகத் திபெத்துக்குத் தானியம் கொண்டுபோய், அங்கிருந்து உப்பும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நடந்த வழி அது.

வெளிநாட்டார் அங்கே போனது 1950இல். ராணா ஆட்சி முடியும் தறுவாயில் நேபாளம் கதவைக் கொஞ்சம் திறந்தது. டில்மன் என்ற ஆங்கிலேயரும், சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவரும், அவருடைய தந்தையும், பெட்ஸி கௌல்ஸ் என்ற பெண்மணியும், ஒரு பாதிரியாரும் தெற்கே இந்திய எல்லைப் பக்கத்திலிருந்து நடந்து கும்புவை அடைந்தார்கள். சிகரம் ஏறும் திட்டமில்லை, நடந்து பார்க்கத்தான் போனார்கள். ஒரு வகையில் நீங்கள் போக நினைக்கும் நடையின் முன்னோடிகள் இவர்கள்தான். அந்த ஹூஸ்டன்தான் 1960இல், உயரத்தில் நுரையீரலில் நீர் கோப்பதைப் பற்றி மருத்துவ உலகம் கவனித்த முக்கியமான கட்டுரையை எழுதினார். அதுவரை அப்படி இறந்தவர்களுக்கு நிமோனியா என்றுதான் பெரும்பாலும் சொல்லிவந்தார்கள்.

1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியைத் தொட்ட கதை உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்த நடையைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. காத்மாண்டுவுக்குப் பக்கத்தில் பக்தபூரிலிருந்து மார்ச் 10ஆம் தேதி புறப்பட்டார்கள். 350க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள். தெங்போச்சே மடத்தை அடைய இரண்டு வாரத்துக்கும் மேல் ஆயிற்று. ஆறுகள் வடக்கிலிருந்து தெற்கே ஓட, பாதை மேற்கிலிருந்து கிழக்கே போவதால் ஒவ்வொரு நாளும் ஒரு மலை முதுகில் ஏறி ஆற்றுப் பள்ளத்தில் இறங்க வேண்டும். 3,500 மீட்டர் உயரமுள்ள கணவாயைக்கூட ஏறி மறுபுறம் இறங்கினார்கள். உயரத்தில் ஏறி, தாழ்வில் தூங்கி, உடம்பு மெல்லப் பழகியது. அதற்குப் பிறகும் அவர்கள் அவசரப்படவில்லை. சுற்றியுள்ள சிறு மலைகளில் ஏறிப் பழக மேலும் பல நாட்களைச் செலவிட்டார்கள்.

அந்தப் பயணத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்களைப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தவர் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற கூர்க்கா படை அதிகாரி. அவர்தான் 1964இல் காத்மாண்டுவில் முதல் ட்ரெக்கிங் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவருடைய முதல் வாடிக்கையாளர்களாக வந்தவர்கள் மூன்று அமெரிக்கப் பெண்கள். அவர்களும் எவரெஸ்ட் பக்கம்தான் நடந்தார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவயது தாண்டிவிட்டது என்று தயங்கும் தாய்மார்களும்தான்.

அதே 1964இல் இன்னொன்று நடந்தது. ஹிலாரி ஷெர்பா ஊர்களில் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார். கும்ஜுங் பள்ளி 1961இல் வந்துவிட்டது. மருத்துவமனையும் கட்ட வேண்டும். சாமான் கொண்டுவர லுக்லா என்ற இடத்தில் ஒரு சின்ன விமான ஓடுதளம் அமைத்தார்கள். மண்ணை இறுக்க இயந்திரம் இல்லை. ஷெர்பாக்கள் கைகோத்து வரிசையாக நின்று காலால் மிதித்து ஆடியே தரையை இறுக்கினார்கள் என்று ஹிலாரி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1966இல் குண்டே மருத்துவமனை வந்தது. பள்ளிக்கும் நோயாளிக்கும் வந்த ஓடுதளம் அது.

சுற்றுலாப் பயணிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வார நடை அரை மணி நேர விமானப் பயணமாகச் சுருங்கியது. கடல்மட்டத்தில் வாழ்ந்தவர் ஒரே காலையில் சுமார் 2,850 மீட்டரில், தொட்டபெட்டாவுக்கும் மேலே, இறங்கினார். நாட்கள் போயின. அதோடு பழகிக்கொள்ளும் அவகாசமும் போயிற்று.

விளைவைக் கணக்கெடுத்தவர்களும் உண்டு. 1973இல் இமாலய மீட்புச் சங்கம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, எவரெஸ்ட் பாதையில் பேரிச்சே என்ற ஊரில், 4,200 மீட்டருக்கு மேலே, ஒரு சிறு மருத்துவ நிலையம் நடத்தியது. ஹாக்கெட், ரென்னி என்ற இரண்டு மருத்துவர்கள் அங்கே வந்த 278 பேரைப் பரிசோதித்து 1976இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கும் சற்று அதிகமானவர்களுக்கு மலைநோய் இருந்தது. லுக்லாவுக்கு விமானத்தில் வந்தவர்களிடம் அது அதிகம், கீழிருந்தே நடந்து வந்தவர்களிடம் குறைவு. வேகமாக ஏறியவர்களிடம் அதிகம், வழியில் கூடுதல் இரவு தங்கியவர்களிடம் குறைவு. வயதானவர்களைவிட இளைஞர்களிடம்தான் அதிகம். தினமும் ஜிம்முக்குப் போகிறேன், மாரத்தான் ஓடுகிறேன் என்று சொல்லும் பிள்ளைகள் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள்.

அன்னபூர்ணா பாதை: உப்பு வந்த வழி

மேற்கே போவோம். தவளகிரி, அன்னபூர்ணா என்ற இரண்டு எட்டாயிரம் மீட்டர் மலைகளுக்கு நடுவே காளி கண்டகி ஆறு பிளந்துகொண்டு ஓடுகிறது. நம் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமக் கற்கள் இந்த ஆற்றில்தான் கிடைக்கின்றன. அவை கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள். இமயம் எழும்புவதற்கு முன் அங்கே டெதிஸ் கடல் இருந்தது என்று ஏழாம் வகுப்பில் வாய் வலிக்கச் சொன்னேன், மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆற்றங்கரைப் பகுதியில், 3,700 மீட்டருக்கு மேலே இருக்கும் முக்திநாத்தை வைணவப் பெரியவர்கள் திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் என்று கொண்டாடுகிறார்கள். ஆகவே இந்தப் பாதையில் தமிழ்ப் பெரியவர்களும் நடந்திருக்கிறார்கள். சிகரம் பார்க்கப் போனவர்களுக்கு முந்தைய யாத்திரிகர்கள் அவர்கள்.

யாத்திரிகர்களைவிட அதிகம் நடந்தவர்கள் உப்பு வியாபாரிகள். நேபாளத்துக்குக் கடல் கிடையாது. திபெத்து ஏரிகளின் உப்பு கோவேறு கழுதைகளின் மேலும் யாக் மாடுகளின் மேலும் தெற்கே வந்தது. அரிசியும் மற்றத் தானியங்களும் வடக்கே போயின. துகுச்சே என்ற ஊரை மையமாக வைத்துத் தகாலி மக்கள் இந்த வியாபாரத்தை நடத்தினார்கள். வழியெங்கும் வியாபாரிகளுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுக்கும் 'பட்டி' என்னும் சத்திரங்கள் இருந்தன. 1959க்குப் பிறகு திபெத்து எல்லை வியாபாரம் சுருங்கியது, தெற்கிலிருந்து இந்திய உப்பும் வந்தது. சத்திரங்கள் மூடிக் கிடக்காமல் மெல்ல நடைப்பயணிகளின் பக்கம் திரும்பின. இன்று கூடாரம் தூக்காமல், ஊருக்கு ஊர் தங்கிச் சாப்பிட்டு நடக்க முடிகிறதே, அந்த வசதிக்கு உப்பு வியாபாரிகளுக்கு நன்றி சொல்லுங்கள். அங்கே சாப்பிடும் பருப்பும் சோறும் அவர்கள் சாப்பிட்டதுதான்.

ஏகாய் கவகுச்சி என்ற ஜப்பானியத் துறவி 1900இல் திபெத்துக்குள் ரகசியமாக நுழைந்தபோது இந்தப் பக்கமாகத்தான் போனார். போவதற்கு முன் முஸ்டாங்கிலும் மார்ஃபாவிலும் மாதக்கணக்கில் தங்கினார். மொழி படித்தார், நூல்கள் படித்தார். உடம்பும் தானாகப் பழகிவிட்டது.

1950இல் மோரிஸ் ஹெர்சாக் தலைமையில் பிரெஞ்சுக் குழு வந்தது. கையிலிருந்த வரைபடம் தப்பு. அன்னபூர்ணாவுக்கு எந்தப் பக்கம் வழி என்று கண்டுபிடிக்கவே சில வாரங்கள் துகுச்சேயைச் சுற்றி அலைந்தார்கள். ஜூன் 3ஆம் தேதி ஹெர்சாக்கும் லாஷனாலும் உச்சியை எட்டினார்கள். மனிதர் ஏறிய முதல் எட்டாயிரம் மீட்டர் சிகரம் அது. திரும்பும்போது பனி கடித்து இருவரும் கால் விரல்களை இழந்தார்கள், ஹெர்சாக் கைவிரல்களையும் இழந்தார். நடக்க முடியாத அவர்களை மழைக்காலச் சேற்றில் வாரக்கணக்கில் முதுகில் சுமந்து இறக்கியவர்கள் உள்ளூர்க்காரர்களும் ஷெர்பாக்களும். உச்சியை எட்டியவர்களின் பெயர் உலகத்துக்குத் தெரியும். சுமந்தவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலையை முழுதாகச் சுற்றும் பாதை 1977இல்தான் வெளிநாட்டாருக்குத் திறக்கப்பட்டது. எண்ணூறு மீட்டருக்கும் குறைவான பேசிசஹர் பக்கம் தொடங்கி, நெல்வயல், மூங்கில், ஊசியிலைக் காடு, பிறகு வறண்ட மேட்டுநிலம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் மனாங்குக்குப் போக ஒரு வாரம் ஆகும். மொத்தச் சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று வாரம். பூகோளப் பாடத்தின் தாவர மண்டலங்களை வரிசையாகக் காலால் படிக்கும் பாதை. உலகத்தின் சிறந்த நடைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது அதனால்தான்.

இன்று இரண்டு பக்கமும் சாலை வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்குச் சாலை வேண்டும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக, ஆப்பிள் விற்க, பிள்ளை படிக்கச் சாலை இல்லாமல் முடியாது. சாலை வந்ததால் அழகு போச்சு என்று நாம் இங்கே உட்கார்ந்து வருத்தப்படுவது நியாயம் இல்லை. ஆனால் ஜீப்பில் ஏறி ஒன்றிரண்டு நாளில் மனாங் போய்விட்டு, மறுநாளே கணவாய் நோக்கிக் கிளம்புகிறவர்கள், லுக்லாவில் நடந்த அதே கதையைத் திரும்ப நடத்துகிறார்கள்.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். அந்தப் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து, 14ஆம் தேதி தோரோங் கணவாய்ப் பகுதியில் கடும் பனிப்பொழிவாகக் கொட்டியது. பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்டோபர் நடைக்கு மிக நல்ல மாதம் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். நம் வங்காள விரிகுடாவில் பிறந்த ஒரு புயல் இமயத்தின் முதுகில் போய் அப்படி இறங்கியது. வானிலை எச்சரிக்கை கேட்பதும், கையில் ஒரு உபரி நாள் வைத்திருப்பதும் எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். உபரி நாள் இருக்கிறவரால்தான் "இன்று போக வேண்டாம்" என்று சொல்ல முடியும்.

லாங்டாங் பாதை: மேய்ப்பர்களின் வழி

மூன்றாவது, காத்மாண்டுவுக்கு வடக்கே லாங்டாங். காத்மாண்டுவிலிருந்து திபெத்தின் கைரோங் போகும் பழைய வியாபார வழியில் சியாப்ருபேசி இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே பிரியும் பள்ளத்தாக்கு இது. இங்கே பாதை போட்டவர்கள் யாக் மேய்த்தவர்கள். பனி விலக விலக மாடுகளோடு ஒவ்வொரு புல்வெளியாக மேலே ஏறுவார்கள், குளிர் இறங்க இறங்க அதே வரிசையில் கீழே வருவார்கள். புல் வளரும் வேகம்தான் அவர்கள் நடையின் வேகம்.

வெளிநாட்டாரில் முதலில் இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்த்து எழுதியவர் முன்பு சொன்ன டில்மன்தான், 1949இல். 1950களில் சுவிட்சர்லாந்துக்காரர்களின் உதவியோடு மேலே கியாஞ்சினில் யாக் பால் பாலாடைக்கட்டித் தொழிற்சாலை வந்தது. இன்றும் நடப்பவர்கள் அங்கே வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

2015 ஏப்ரல் 25ஆம் தேதி நண்பகலுக்குச் சற்று முன் நேபாளத்தில் நிலம் நடுங்கியது. லாங்டாங் கிராமத்துக்கு மேலே இருந்த பனியும் பாறையும் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தன. பாறை முகட்டின் கீழே ஒதுங்கி நின்ற ஒரே ஒரு வீடு தவிர ஊரே புதைந்தது. பள்ளத்தாக்கில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஊர்க்காரர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் ஒன்றாக. உயிர் பிழைத்தவர்கள் காத்மாண்டுவில் அகதிகள்போலச் சில காலம் இருந்துவிட்டு, திரும்பிப் போய்ப் பக்கத்திலேயே ஊரை மறுபடி கட்டினார்கள். இன்று அங்கே நீங்கள் தங்கும் ஒவ்வொரு இரவின் வாடகையும் அந்தக் குடும்பங்களின் அடுப்பில் எரிகிறது.

லாங்டாங்கைக் 'குறைந்த நாள், சுலபமான நடை' என்று விற்கிறார்கள். பாதி உண்மை. சுமார் 1,500 மீட்டரில் தொடங்கி மூன்றாம் நாள் 3,870 மீட்டரில் இருக்கும் கியாஞ்சினில் படுக்கவைத்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். நடுவே சுமார் 3,000 மீட்டரில் கோடாதபேலா என்ற இடம் இருக்கிறது. குதிரை லாயம் என்று பொருள். குதிரைகள் நின்ற இடத்தில் நீங்களும் ஒரு இரவு நின்று போனால் நல்லது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று கதையிலும் ஒரே விஷயம்தான் வருகிறது. பாதை போட்டவர்களுக்கு அவரவர் வேகம் இருந்தது. மாட்டின் வேகம், சுமையின் வேகம், புல்லின் வேகம். பிறகு விமானமும் ஜீப்பும் பத்து நாள் லீவும் வந்து அந்த நாட்களை வெட்டின. பாதை அதேதான், உயரம் அதேதான், குறைந்தது நாட்கள் மட்டும். ஆகவே பிள்ளைகளே, எந்த மலை என்று முடிவு செய்வதற்கு முன், எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள்.

மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் சரி, தூங்கும் உயரம்தான் கணக்கு.

இதை வைத்து நான் சொல்லும் யோசனை இது. ஊர் விட்டு ஊர் திரும்ப மொத்தம் பத்துப் பன்னிரண்டு நாள்தான் என்றால் லாங்டாங், அதுவும் நடுவில் ஒரு இரவைக் கூட்டிக்கொண்டு. பதினாறு பதினேழு நாள் இருந்தால் லுக்லா வழியாக எவரெஸ்ட் அடிவாரம். நாம்சே பஜாரிலும் டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு கட்டாயம். லுக்லாவில் மேகம் மூடினால் விமானம் பறக்காது, அதற்காக ஓரிரு நாள் உபரியாக வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் கிடைத்தால் அன்னபூர்ணாவைக் கீழிருந்தே நடந்து சுற்றுங்கள், அல்லது ஜீரியிலிருந்து பழைய எவரெஸ்ட் வழியில் நடங்கள். பத்து நாளில் எவரெஸ்ட் அடிவாரம் காட்டித் திரும்பக் கூட்டிவருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், எந்த இரவை வெட்டினார்கள் என்று கேளுங்கள். இதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். உங்கள் பையை யார் தூக்குகிறார்கள்? டோக்கோ என்னும் கூடையை நெற்றிப் பட்டையில் மாட்டிச் சுமந்து வருகிறவர் பல சமயம் ஷெர்பா இல்லை. தாழ்வான மலைகளில் விவசாயம் செய்யும் ராய், தமாங், மகர் மக்களாக இருக்கலாம். உயரம் உங்களைத் தாக்குவதுபோலத்தான் அவரையும் தாக்கும். உங்களுக்குத் தலை வலித்தால் சொல்வீர்கள். சொன்னால் கூலி போய்விடுமோ என்று அவர் சொல்ல மாட்டார். இப்படிச் சிலர் கைவிடப்பட்டு இறந்த பிறகுதான் 1997இல் சுமைதூக்கிகளின் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேச அமைப்பே தோன்றியது. சுமை 30 கிலோவைத் தாண்டக் கூடாது, குளிருக்கு உடை வேண்டும், தங்க இடம் வேண்டும், காப்பீடு வேண்டும். நோய் வந்தால் தனியாகக் கீழே அனுப்பிவிடக் கூடாது. ஹெர்சாக்கை முதுகில் சுமந்து இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். நிறுவனத்திடம் விலை பேசும்போது, நீங்கள் குறைக்கச் சொல்லும் ஆயிரம் ரூபாய் கடைசியில் யார் கூலியில் குறைகிறது என்றும் பாருங்கள்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. போக நினைக்கிறவர்கள் ஒரு நோட்டை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் அன்று தூங்கும் ஊர், மூன்றாவதில் அந்த ஊரின் உயரம். ஒவ்வொரு இரவுக்கும் முந்தைய இரவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து ஓரத்தில் எழுதுங்கள். கழித்தல் கணக்குதான், மூன்றாம் வகுப்புப் பாடம். 3,000க்கு மேலே எங்கெல்லாம் 500ஐத் தாண்டுகிறதோ அங்கே சிவப்பு மையில் வட்டம் போட்டு, அங்கே கூடுதல் இரவு இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினால் நானும் திருத்தித் தருகிறேன். மார்க் கிடையாது, பத்திரமாகத் திரும்பி வந்து படம் காட்டினால் போதும்.

போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்